பாட்ரிக் மூர்: ஒரே ஆளு, ஒரே புரோகிராம், 55 வருஷம்... எப்படிங்க முடிஞ்சது?

கரிசல்வானம்:

வணக்கம் எல்லாருக்கும். போன மாசம் தான் 130 மில்லிமீட்டர் டெலஸ்கோப் ஒண்ணு செகண்ட் ஹேண்ட்ல வாங்குனேன். எங்க ஊரு எட்டயபுரம் பக்கம் ஒரு கிராமம், மாடில நின்னு தெக்க பாத்தா அடிவானம் வரைக்கும் கரிசக்காடு தான், ஒரு லைட்டு கிடையாது. மொபைல்ல ஆப் வச்சு ஒவ்வொண்ணா தேடிப் பாத்துட்டு இருக்கேன். அதுல சிலதுக்கு எம் நம்பர் போட்டிருக்கு, சிலதுக்கு சி நம்பர். எம்னா மெஸ்ஸியேங்கறவரு போட்ட பட்டியல், அது தெரியும். சி என்னன்னு பாத்தா கால்டுவெல்னு வருது. திருநெல்வேலிப் பக்கத்து ஆளுக்கு கால்டுவெல்னா இடையன்குடி பிஷப்பும் ஒப்பிலக்கணமும் தானே ஞாபகம் வரும், அவரு வானத்தையும் விட்டு வைக்கலயோன்னு ஒரு நிமிஷம் நிஜமாவே சந்தோஷப்பட்டேன். அப்புறம் தான் தெரிஞ்சது இது வேற கால்டுவெல், பாட்ரிக் கால்டுவெல்-மூர்னு ஒரு இங்கிலீஷ்காரரு, பிபிசில தி ஸ்கை அட் நைட்னு ஒரு நிகழ்ச்சி நடத்துனவரு.

அதைப் படிச்சதுல இருந்து மண்டைக்குள்ள ஓடிட்டே இருக்கு. ஒரே ஆளு ஒரே நிகழ்ச்சிய 55 வருஷம் நடத்துனாருன்னு போட்டிருக்கு, இது நிஜமா? நம்ம ஊர்ல ஒரு புரோகிராம் அஞ்சு வருஷம் ஓடுனாலே ஆங்கர் மூணு பேரு மாறிடுறாங்க. அதுவும் இவரு காலேஜ் படிக்கலங்கறாங்க. டிகிரி இல்லாத ஒருத்தர எப்படி பிபிசி வானவியல் பேச உக்கார வச்சது, வச்சதும் இல்லாம அரை நூற்றாண்டு எப்படி எந்திரிக்கவே விடல? விவரம் தெரிஞ்சவங்க கொஞ்சம் விரிவா சொல்லுங்க. அவரு மத்த விஷயத்துல எப்படிப்பட்ட ஆளுன்னும் தெரிஞ்சுக்கணும், ஏன்னா அங்கங்க கோபமா எழுதியிருக்கறதையும் பாத்தேன்.

மொட்டைமாடி:

நிஜம் தான் நண்பா, ஒரு எழுத்து கூட மிகை இல்ல. 1957 ஏப்ரல் 24 ராத்திரி பத்தரைக்கு முதல் நிகழ்ச்சி. கடைசியா அவரு டிவில வந்தது 2012 டிசம்பர் ஆரம்பத்துல, அதுக்கு அடுத்த ஞாயித்துக்கிழமை, டிசம்பர் 9, செல்சிங்கற கடலோர ஊர்ல அவரு வீட்லயே இறந்துட்டாரு, வயசு 89. மாசத்துக்கு ஒண்ணு கணக்குல 700க்கும் மேல. இத்தனைல ஒரே ஒரு தடவை தான் அவரு வரல, 2004 ஜூலை, கெட்டுப் போன கூஸ் முட்டைய சாப்பிட்டு சால்மோனெல்லா வந்து உயிர் போற மாதிரி ஆயிடுச்சு, அந்த ஒரு மாசம் மட்டும் கிறிஸ் லின்டாட் நின்னு நடத்துனாரு. ஒரே தொகுப்பாளரோட அதிக காலம் ஓடுன நிகழ்ச்சின்னு கின்னஸ்ல இருக்கு.

டிகிரி விஷயத்துக்கு வரேன், ஏன்னா எனக்கு அவர்கிட்ட ரொம்பப் பிடிச்சதே அது தான். 1923ல லண்டன் பக்கம் பின்னர்ல பொறந்தாரு, வளந்தது சசெக்ஸ்ல ஈஸ்ட் கிரின்ஸ்டெட்ல. சின்ன வயசுல இதயத்துல கோளாறு, பள்ளிக்கூடம் அனுப்ப முடியல, பெரும்பாலும் வீட்ல வச்சு தான் பாடம். ஆறு வயசுல சூரிய குடும்பத்தப் பத்தி ஒரு பழைய புத்தகம் கைல கிடைக்குது, அதோட ஆளு முடிஞ்சாரு. 11 வயசுல பிரிட்டிஷ் அஸ்ட்ரனாமிக்கல் அசோசியேஷன்ல மெம்பர், அன்னிக்கு அதுல அவரு தான் வயசுல சின்னவரு. 14 வயசுல அவங்க ஊர்ல தனியார் ஒருத்தர் வச்சிருந்த சின்ன அப்சர்வேட்டரிய பாத்துக்கற பொறுப்பு இவருக்கு வருது. யோசிச்சுப் பாருங்க, நம்ம வீட்ல 14 வயசுப் பையன ராத்திரி தனியா மாடிக்கே விட மாட்டோம். அப்புறம் போரு வந்துச்சு, விமானப்படைல நேவிகேட்டரா போனாரு, திரும்பி வந்து கொஞ்ச வருஷம் சின்னப் பசங்க பள்ளிக்கூடத்துல வாத்தியார் வேலை. ராத்திரி முழுக்க நிலா.

நிலான்னா சும்மா ரசிக்கறது இல்ல. நிலா நமக்கு எப்பவும் ஒரே முகத்த தான் காட்டுதுன்னு சொல்றோம், ஆனா அது லேசா ஆடிக்கிட்டே இருக்கறதால ஓரத்துல இருக்கற பகுதி கொஞ்சம் எட்டிப் பாக்கும், ஒரு நேரம் இந்தப் பக்கம், இன்னொரு நேரம் அந்தப் பக்கம். அந்த ஓரம் எப்போ தெரியும்னு காத்துக் கிடந்து, ஐபீஸ்ல கண்ண வச்சு, பென்சில்ல வரைஞ்சாரு. வருஷக் கணக்குல. 1959 அக்டோபர்ல ரஷ்யாவோட லூனா 3 நிலாவோட பின்பக்கத்த முதல் தடவையா போட்டோ எடுத்தப்போ, தெரிஞ்ச பக்கத்தோட அதப் பொருத்திப் பாக்க இவரோட ஓர வரைபடங்களும் ரஷ்யர்களுக்கு உதவுச்சு. அந்தப் படங்கள இங்கிலாந்து டிவில நேரலையா காட்டி விளக்குனவரும் இவரே. பட்டம் இல்லாத ஒருத்தரு, சொந்தத் தோட்டத்துல நின்னு வரைஞ்சது!

டிவிக்கு வந்த கதை. 1953ல நிலாவப் பத்தி எழுதுன புத்தகம் நல்லா போச்சு, பறக்கும் தட்டு பத்தின ஒரு டிவி விவாதத்துல இவரு பேசுறத பால் ஜான்ஸ்டன்னு ஒரு பிபிசி தயாரிப்பாளர் கவனிச்சாரு. மூணே மூணு மாசத்துக்கு ஓட்டிப் பாப்போம்னு தான் ஆரம்பிச்சாங்க, ஸ்டார் மேப்னு பேரு வச்சு அத கடைசி நேரத்துல மாத்துனாங்க. அப்போ அதிர்ஷ்டம் எப்படி அடிச்சதுன்னு பாருங்க, அந்த ஏப்ரல்ல தான் ஆரண்ட்-ரோலண்ட் வால்நட்சத்திரம் வெறும் கண்ணுக்கே தெரியற அளவுக்கு வந்து நின்னுச்சு, வழக்கமான வாலோட சூரியன் இருக்கற பக்கமா நீட்டிக்கிட்டு இன்னொரு வாலும் சேந்து. அது போய் ஆறு மாசம் கூட ஆகல, அக்டோபர் 4ல ஸ்புட்னிக். அதுக்கப்புறம் வானத்தப் பத்தி டிவில பேச ஆளு வேணாம்னு யாரு சொல்லப் போறா.

ஆனா அதிர்ஷ்டம் மூணு வருஷம் காப்பாத்தும், 55 வருஷம் காப்பாத்தாது. என் மனசுக்குப் பட்டத சொல்றேன். அந்த நிகழ்ச்சி சின்னது, கால் மணி, இருபது நிமிஷம், ராத்திரி லேட்டா வரும், செலவு கம்மி, யாரு கண்ணையும் உறுத்தல. அதனால யாரும் வந்து இத இப்படி மாத்து, பாட்டு போடு, செலிபிரிட்டிய கூப்பிடுன்னு குடையல. அந்த ஒதுக்குப்புறத்துல அவரு நிம்மதியா தன் வேலைய செஞ்சாரு. பாக்கறவங்கள முட்டாளா நினைக்கல. இந்த மாசம் வானத்துல என்ன இருக்கு, எந்த மூலைல, எத்தன மணிக்கு, வெளிய போய்ப் பாரு, அவ்வளவு தான். நேரலைல ஒரு தடவை பேசிட்டு இருக்கும்போதே ஒரு பெரிய ஈ வாய்க்குள்ள போயிடுச்சு, மனுஷன் அத அப்படியே முழுங்கிட்டு அடுத்த வாக்கியத்துக்குப் போயிட்டாரு. ஏன்னா அவருக்கு சொல்ல வேண்டியது இருந்துச்சு.

தப்பாப் போன இடமும் உண்டு, அதையும் சொல்லிடணும். நிலாவுல இருக்கற பள்ளமெல்லாம் எரிமலையால வந்ததுன்னு ரொம்ப நாள் பிடிவாதமா இருந்தாரு, அது விண்கல் மோதி வந்ததுன்னு முடிவாயிடுச்சு. நிலாவுல அப்பப்போ வந்து மறையற வெளிச்சங்களுக்கு 1968ல பேரு வச்சதே இவரு தான், அதையும் இன்னிக்கு பெருசா யாரும் எடுத்துக்கறதில்ல.

அணில்வால்:

அருமையா எழுதியிருக்கீங்க. ஆனா எனக்கு ஒரு டவுட்டு. நீண்ட காலம்னா டேவிட் அட்டன்பரோ தானே முதல்ல வரணும்? அவரு 1950கள்ல இருந்து வராரே? அப்புறம் இந்த மூர் தானே ஏப்ரல் ஃபூல் பண்ணவரு, புளூட்டோ வியாழனுக்குப் பின்னாடி போகும்போது குதிச்சா மிதப்பீங்கன்னு?

மொட்டைமாடி:

ஆமா அவரு தான். 1976 ஏப்ரல் 1, பிபிசி ரேடியோ 2ல சொன்னாரு, காலைல சரியா 9:47க்கு ரெண்டு கிரகமும் ஒரே நேர்கோட்டுல வருது, பூமியோட ஈர்ப்பு கொஞ்சம் குறையும், அந்த நிமிஷம் எகிறிக் குதிச்சா வித்தியாசம் தெரியும்னு. நேரம் ஆனதும் போன் மேல போன், மிதந்தோம்னு சொல்லி. அவரு குரல் மேல ஜனங்களுக்கு அவ்வளவு நம்பிக்கை இருந்துச்சுங்கறதுக்கு இத விட சாட்சி வேணாம்.

அட்டன்பரோ விஷயம், கேள்வி சரி தான். டிவி வாழ்க்கைன்னு மொத்தமா எடுத்தா அவரு மூருக்கும் முன்னாடி, 1954லயே ஜூ க்வெஸ்ட் வந்துடுச்சு, மூர் போன பிறகும் அவரு தொடர்ந்து செஞ்சாரு. வித்தியாசம் என்னன்னா அட்டன்பரோ வேற வேற தொடர், ஒவ்வொண்ணும் வருஷக்கணக்குல ஊர் ஊரா போய் படம் பிடிச்சது. நடுவுல 1965ல இருந்து 1969 வரைக்கும் பிபிசி டூவுக்கே தலைமை, பிரிட்டன்ல கலர் டிவி 1967 விம்பிள்டனோட ஆரம்பிச்சது அவரு பொறுப்புல இருந்தப்போ தான். மூர் அப்படி இல்ல. ஒரே நிகழ்ச்சி, ஒரே பேரு, ஆரம்பத்துல சிபேலியஸோட அதே இசை, மாசம் பொறந்தா டாண்ணு. அட்டன்பரோ உலகத்த வீட்டுக்குக் கொண்டு வந்தாரு, மூர் வீட்ல இருக்கறவன எழுப்பி வாசலுக்கு அனுப்புனாரு. ரெண்டையும் ஒரே தராசுல வைக்க எனக்கு மனசு வரல.

ஒண்ணு நினைச்சா தான் வயித்தெரிச்சல். 1969 ஜூலைல அப்பல்லோ 11 இறங்குன ராத்திரி பிபிசி ஸ்டூடியோல கிளிஃப் மிஷெல்மோர், ஜேம்ஸ் பர்க், மூர் மூணு பேரும் உக்காந்து விடிய விடிய பேசுனாங்க. அந்த டேப்ப பிபிசி பத்திரப்படுத்தல, போயே போச்சு. பழைய ஸ்கை அட் நைட்லயும் நிறைய அப்படித் தான் அழிஞ்சது. அந்தக் காலத்துல டேப் விலை அதிகம், அழிச்சுட்டு அதுலயே அடுத்தத பதிவு பண்ணுவாங்க. மனுஷன் நிலாவுல கால் வச்ச ராத்திரிய, வாழ்நாள் பூரா நிலாவ வரைஞ்ச ஒருத்தர் விளக்குறாரு, அது இன்னிக்கு இல்ல.

தேம்ஸ்கரை:

தம்பிமார் எழுதினதை வாசிக்க எனக்கு ஏதோ செய்யுது, அதால நானும் எழுதுறன். நான் 86 இல யாழ்ப்பாணத்தில இருந்து லண்டனுக்கு வந்தனான். ஹாலி வால்வெள்ளி வந்த வருசம். அந்த மார்ச்சில ஜொட்டோ விண்கலம் அந்த வால்வெள்ளிக்குக் கிட்டப் போக, மூர் ஜெர்மனியில டார்ம்ஸ்டட்டில இருந்து டிவியில கதைச்சுக் கொண்டு நிண்டவர். நான் அப்ப வந்து ரெண்டு மாசம், ஒரு அறையில நாலு பேர், ஆரோ தூக்கி எறிஞ்ச சின்ன டிவி ஒண்டு. அந்த மனுசன் கதைக்கிற வேகம் எண்டால் சொல்லி வேலையில்லை, சோளம் பொரியிற மாதிரி, ஒரு கண்ணில ஒற்றைக் கண்ணாடி, கோட் எல்லாம் கசங்கிப் போய். இங்கிலீஷ் பாதி விளங்கேல்லை. ஆனா படத்தைக் காட்டி விரலை வைக்கேக்க விளங்கினது. ஊரில அம்மம்மா முத்தத்தில பாய் போட்டுக் காட்டின அதே அறுமீன் கூட்டத்தை இந்த ஆளும் காட்டுது எண்டு.

பிறகு பெற்றோல் ஷெட்டில இரவு வேலை முடிச்சு வந்து, சாப்பிட்டுப் போட்டு, அந்த நேரத்தில டிவியில வாறது எங்களைப் போல நித்திரை இல்லாத ஆக்களுக்கான சாமான் தானே, அப்பிடித் தான் மாசா மாசம் பாத்தனான். என்ர மகன் 90களில சின்னப் பெடியன், அவனுக்கு மூரைத் தெரிஞ்சது வேற வழியால. சானல் 4 இல கேம்ஸ்மாஸ்டர் எண்டு வீடியோ கேம் நிகழ்ச்சி ஒண்டு 92 இல இருந்து 98 மட்டும் போனது, அதில ஒரு பெரிய தலை மட்டும் மிதந்து வந்து பெடியளுக்கு கேம் வெல்லுற வழி சொல்லும், அந்தத் தலை மூர். ஒரு நாள் இரவு நான் பாத்துக் கொண்டிருக்க அவன் எழும்பி வந்து, அப்பா இது கேம்ஸ்மாஸ்டர், ஏன் நிலாவைப் பற்றிக் கதைக்குது எண்டு கேட்டவன். அண்டைக்கு இருந்து அவனும் பக்கத்தில. அவன் சனிக் கோளின்ர வளையம் பற்றி ஒரு கடிதம் எழுத, பதில் வந்தது தம்பி. பழைய டைப்ரைட்டரில அடிச்சு, எழுத்து ஒண்டு மேல ஒண்டு கீழ. அந்த ஆள் பாவிச்ச மெஷின் 1908 மாடல் எண்டு பிறகு தான் அறிஞ்சனான். மலிவான டெலஸ்கோப் வாங்கிக் காசைக் கரியாக்காதை, முதல்ல ஒரு நல்ல பைனாகுலர் வாங்கு எண்ட மாதிரி ஒரு புத்தியும் அதில இருந்தது. எத்தினை பிள்ளையளுக்கு அப்பிடி எழுதியிருப்பார் எண்டு நினைச்சுப் பாருங்கோ, கடிதம் எழுதினா பதில் போடுவார் எண்டு நாடு முழுக்கத் தெரியும்.

இனி மற்றதையும் சொல்ல வேணும், நீங்கள் கேட்டபடியால். அவற்ற அரசியல் எங்களுக்கு எதிரானது. வெளிநாட்டில இருந்து ஆக்கள் வந்து குடியேறுறதை அவர் விரும்பேல்லை, அதை ஒளிக்கவும் இல்லை. 70களின்ர கடைசியில அந்தக் கொள்கையோட இருந்த ஒரு சின்னக் கட்சிக்குத் தலைவராயும் இருந்தவர். போரில தன்ர காதலி குண்டு விழுந்து செத்துப் போனா, அதால தான் கலியாணம் கட்டேல்லை, ஜெர்மன்காரரை மன்னிக்க மாட்டன் எண்டு கடைசி மட்டும் சொன்னவர். நான் இதைப் பேப்பரில வாசிச்ச அண்டைக்கு அந்தக் கடிதத்தை எடுத்துக் கையில வைச்சுக் கொண்டு கன நேரம் இருந்தனான். என்ர பிள்ளையின்ர பேரைப் பாத்தே தெரிஞ்சிருக்கும் நாங்கள் எங்க இருந்து வந்த ஆக்கள் எண்டு. அப்பிடியிருந்தும் பதில் போட்டவர். ரெண்டும் அதே மனுசன் தான். ஒண்டைச் சொல்லி மற்றதை மறைக்க எனக்கு ஏலாது. கடிதம் இப்பவும் இருக்கு, மகன் ஃப்ரேம் போட்டு வைச்சிருக்கிறான்.

ப்ளாக்போர்டு:

தேம்ஸ்கரை ஐயா, படிச்சு முடிச்சதும் கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்துட்டேன்.

நான் பிளஸ் டூவுக்கு பிசிக்ஸ் எடுக்குற டீச்சர். எனக்கு அவர் மேல இருக்கற கோபம் வேற. 2007ல ஒரு பேட்டில, பிபிசி தரம் கெட்டுப் போனதுக்குக் காரணமே அது பெண்கள் கைல போனது தான்னு சொன்னாரு. அதே வருஷம் ஏப்ரல்ல தான் அவரோட நிகழ்ச்சிக்கு 50 வருஷம்னு எல்லாரும் கொண்டாடுனாங்க. வயசானவரு, அந்தக் காலத்து மனுஷன்னு சொல்லி விட்டுடலாம்னு சிலர் சொல்றாங்க, எனக்கு அதுல சம்மதம் இல்ல. ராத்திரி கண் முழிச்சு அவர் நிகழ்ச்சியப் பாத்த பொண்ணுங்க எத்தன பேரு இருந்திருப்பாங்க.

அதுல ஒருத்தர் பேரு தெரியும். மேகி அடெரின்-போகாக். நைஜீரியாவுல இருந்து லண்டனுக்கு வந்த குடும்பத்துப் பொண்ணு, டிஸ்லெக்சியா இருந்ததால பள்ளிக்கூடத்துல கஷ்டப்பட்டவங்க, சின்ன வயசுல தூங்காம முழிச்சிருந்து ஸ்கை அட் நைட் பாத்தத அவங்களே பல தடவை சொல்லியிருக்காங்க. இம்பீரியல் காலேஜ்ல டாக்டரேட் வாங்கி விண்வெளிக் கருவிகள் செய்யற விஞ்ஞானி ஆனாங்க. மூர் போனதுக்கு அப்புறம் அந்த நிகழ்ச்சி நிக்கல, 2014ல இருந்து அத நடத்துறவங்கள்ல இவங்களும் ஒருத்தர். வெளிநாட்டுக்காரங்க வர வேண்டாம், பொண்ணுங்க வந்து கெட்டுப் போச்சுன்னு சொன்னவர் விட்டுட்டுப் போன இடத்துல இவங்க நிக்கறாங்க, அதுவும் அவர் நிகழ்ச்சியப் பாத்து வளந்து. என் கிளாஸ் பொண்ணுங்ககிட்ட நான் மூரோட கதையச் சொல்லும்போது இத சேத்து தான் சொல்லுவேன்.

அவரோட அறிவியல் பங்கப் பத்தி ஒண்ணு கேக்கணும். கால்டுவெல் பட்டியல்ல அவரு புதுசா எதையும் கண்டுபிடிக்கலயே, ஏற்கனவே என்ஜிசிங்கற பெரிய வானப் பொருள் பட்டியல்ல நம்பர் இருந்த பொருளுக்கு தன் பேர்ல இன்னொரு நம்பர் குடுத்தாருன்னு ஒரு குறை இருக்கே, அது நியாயம் தானே?

மொட்டைமாடி:

டீச்சர், நீங்க மேகியப் பத்தி எழுதுனது இந்தத் திரிக்கு ரொம்பத் தேவையானது, நான் விட்டுட்டேன். கோபமும் நியாயம்.

குறை இருக்கறது உண்மை. அதுல ஒரு பொருள் கூட அவரு கண்டுபிடிச்சது இல்ல. 1995 டிசம்பர்ல ஸ்கை அண்ட் டெலஸ்கோப் பத்திரிகைல வெளியிட்டாரு. மெஸ்ஸியே 18ம் நூற்றாண்டுல வால்நட்சத்திரம் தேடுன ஆளு, வால்நட்சத்திரம்னு ஏமாந்துடக் கூடாதேன்னு மங்கலா தெரியறதெல்லாம் குறிச்சு வச்சாரு, அது தான் எம் பட்டியல். ஆனா அவரு பாரிஸ்ல இருந்து பாத்தாரு. பாரிஸ்ல உதிக்காத தெக்கத்தி வானம் அவருக்கு இல்லவே இல்ல. வடக்க தெரியறதுலயும் பெர்சியஸ் பக்கம் இருக்கற இரட்டைக் கொத்து மாதிரி ஜோரான சிலத விட்டுட்டாரு. மூர் என்ன பண்ணாருன்னா மெஸ்ஸியே விட்டதுல சின்ன டெலஸ்கோப்புக்கு எட்டறது 109 எடுத்து, வடக்க இருந்து தெக்க வரிசையா நம்பர் போட்டாரு. சி 1 துருவ நட்சத்திரத்துக்குப் பக்கத்துல, சி 109 தென் துருவத்துக்குப் பக்கத்துல. மூருக்கும் எம் தான் வரணும், அது மெஸ்ஸியே எடுத்துக்கிட்டதால குடும்பப் பேருல இருந்த கால்டுவெல்ல எடுத்தாரு.

இதுல நமக்கு என்ன விசேஷம்னா, அந்தப் பட்டியல்ல மூணுல ஒரு பங்க அவரு செல்சி தோட்டத்துல இருந்து பாக்கவே முடியாது. அங்க அட்சரேகை கிட்டத்தட்ட 51 டிகிரி, சி 80 அடிவானத்துக்கு மேல வரவே வராது. அதுக்கு அவரு கப்பலோ பிளேனோ ஏறணும். கரிசல்வானம் தம்பிக்கு மாடிப்படி ஏறுனா போதும். எட்டயபுரம் 9 டிகிரி வடக்கு தானே, சி 1ல ஆரம்பிச்சு கடைசில நாலஞ்சு மட்டும் அடிவானப் புழுதில போகும், மிச்சம் அத்தனையும் உங்களுக்கு எட்டும். நம்பர் யாரு குடுத்தா என்ன, புதுசா டெலஸ்கோப் வாங்குனவனுக்கு அடுத்து எங்க திருப்பணும்னு ஒரு லிஸ்ட் வேணும், அத ஒரு டிவிக்காரர் தான் செய்யணும்னு இருந்திருக்கு.

கரிசல்வானம்:

ஐயா, டீச்சர், அண்ணே, எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நான் ஒரு கேள்வி கேட்டா இவ்வளவு வரும்னு நினைக்கல. தேம்ஸ்கரை ஐயா எழுதுனத எங்க அப்பாவுக்கு வாசிச்சுக் காட்டுனேன், அவரு அந்தக் கடிதத்த ஒரு தடவை பாக்கணும்னாரு.

செல்சி வீடு இப்போ என்ன ஆச்சு? அப்புறம் சி 80 எப்படிக் கண்டுபிடிக்கறதுன்னு சொல்லுங்கண்ணே. ஆப் வேண்டாம், அவரு சொல்ற மாதிரி எந்த மூலைல எத்தன மணிக்குன்னு சொல்லுங்க.

தேம்ஸ்கரை:

தம்பி, அப்பாவுக்கு என்ர வணக்கத்தைச் சொல்லுங்கோ. கடிதத்தில வீட்டு விலாசம் இருக்கிறபடியா அதைப் பொதுவில போடேல்லை.

வீட்டுக்கு ஃபார்திங்ஸ் எண்டு பேர். 68 இல இருந்து சாகும் மட்டும் அங்க தான். அதுக்கு முதல் மூண்டு வருசம் வட அயர்லாந்தில ஆர்மா கோளரங்கத்தை உருவாக்கிற பொறுப்பில இருந்தவர். தோட்டத்தில ஒஸ்கார் எண்டு பேர் வைச்ச பன்னிரண்டரை இஞ்சி டெலஸ்கோப். கடைசிக் காலத்தில கை விரல் எல்லாம் மூட்டுவாதத்தால மடங்கிப் போச்சு, டைப் அடிக்கவும் ஏலாது, அவர் நல்லா வாசிக்கிற சைலோஃபோனும் ஏலாது. பிறகு கதிரையில இருந்தபடி நிகழ்ச்சியை அந்த வீட்டிலயே எடுத்தவை. குயின் பாண்டில கிட்டார் வாசிக்கிற பிரையன் மே இருக்கிறார் தானே, அவரும் வானியலில டாக்டர் பட்டம் எடுத்தவர், மூரோட சேந்து புத்தகமும் எழுதினவர். அவர் 2008 இல அந்த வீட்டை வாங்கி, மூரை அங்கயே இருக்க விட்டவர், பேருக்கு ஒரு வாடகையோட. கடைசி நாளில அந்தக் கிழவனை வீட்டை விட்டு எழுப்பாமல் விட்டதுக்கு அவருக்குப் புண்ணியம் கிடைக்கும்.

மொட்டைமாடி:

தம்பி, மே மாசம் நடுவுல ராத்திரி ஒம்பதரை மணி வாக்குல தெக்கப் பாத்து நில்லுங்க. தலைக்கு மேல கொஞ்சம் சரிஞ்சாப்ல நீலமா வெள்ளையா ஒத்தையா ஒரு நட்சத்திரம் இருக்கும், அது தான் நம்ம சித்திரை. அதுக்கு நேர் கீழ, ஒரு கோடு கிழிச்ச மாதிரி தெக்க இறங்குங்க. கைய நீட்டி விரல விரிச்சா ஒரு சாண், அது வானத்துல சுமார் 20 டிகிரி. ரெண்டு சாணுக்குக் கொஞ்சம் கம்மியா இறங்கி நிறுத்துங்க. நட்சத்திரம் மாதிரி இருக்கும், ஆனா கூர்மையா இருக்காது, லேசா கலங்கி இருக்கும். அது நட்சத்திரம் இல்ல, பல லட்சம் நட்சத்திரம் சேந்த உருண்டை, ஓமேகா சென்டாரி. முதல்ல குறைஞ்ச பவர் ஐபீஸ் போடுங்க. பாத்துட்டு ஒரு பேப்பர்ல பென்சில் வச்சு வரைஞ்சு வைங்க, தேதியும் மணியும் போட்டு.

கரிசல்வானம்:

அண்ணே பாத்துட்டேன். ரெண்டு நாளா மேகம், நேத்து தான் தெளிஞ்சது. பத்தே கால் வரைக்கும் தேடுனேன், சித்திரைல இருந்து சாண் போட்டு இறங்கும்போது முதல் ரெண்டு தடவை தப்பாப் போச்சு. மூணாவது தடவை வந்துச்சு. 25 எம்எம் ஐபீஸ்ல பஞ்ச வச்சு அழுத்துன மாதிரி, 10 எம்எம் போட்டதும் ஓரத்துல ஒவ்வொண்ணா பிரிஞ்சு ரவை கொட்டுன மாதிரி தெரிஞ்சது. அப்பாவையும் மாடிக்குக் கூட்டிட்டு வந்து காட்டுனேன், அவருக்குக் கண்ணு அவ்வளவு சரியில்ல, இருந்தும் தெரியுதுன்னாரு. வரைஞ்சும் வச்சிருக்கேன், நல்லா வரல. இன்னிக்கு மறுபடியும் ஏறணும், அடுத்து சி 77 பாக்கலாம்னு இருக்கேன், பக்கத்துலயே தான் இருக்கு.